மூடியாரின் மக்னீசியா

“நான் மூடாம விட்ட பாட்டில் ஒண்ணு இந்தக் கட்டடத்துல கிடையாது. இனிமேலும் இருக்காது. வேணும்னா எழுதி வெச்சுக்கங்க!”

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தின் மருந்தறைக் காப்பாளர் ஒரு தேநீர் இடைவேளையில் இப்படி முழங்கினார். இதைவிடச் சின்ன சாதனைகளுக்கு மன்னர்கள் கல்லில் மெய்க்கீர்த்தி வெட்டியிருக்கிறார்கள். இவருக்குக் கல் கிடைக்கவில்லை, பட்டப்பெயர்தான் கிடைத்தது. அன்றிலிருந்து அவர் மூடியார்.

மூடியாரின் பராமரிப்பில் அமிலங்களும் உப்புகளும் அலமாரி அலமாரியாக இருந்தாலும், செல்லப்பிள்ளை மக்னீசியா என்கிற மக்னீசியம் ஆக்சைடுதான். மக்னீசியத்தை எரித்தால் கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் அடங்கியபின் மிஞ்சுகிற வெள்ளைச் சாம்பல் அது. ஏற்கெனவே எரிந்து முடிந்ததால் மறுபடி எரியாது. இரும்பு உருகி ஓடும் சூட்டிலும் அசையாது. அதனால்தான் அதைக் கொண்டு மூசைகள்கூட, அதாவது பொருளைப் போட்டு உலையில் சுடும் கிண்ணங்கள்கூட, செய்கிறார்கள்.

“நம்மள மாதிரிப்பா. எந்தச் சூடும் ஒண்ணும் பண்ணாது” என்பார்.

அதற்கு இருந்த ஒரே கெட்ட பழக்கத்தை அவர் விளம்பரப்படுத்துவதில்லை. திறந்து வைத்தால் காற்றிலிருக்கும் ஈரத்தையும் கரியமில வாயுவையும் சத்தமில்லாமல் உள்ளே இழுத்துக்கொண்டு கனத்துவிடும். பார்த்தால் கண்டுபிடிக்க முடியாது. அதே வெள்ளை, அதே பொடி.

மழைக்காலத்தில் ஒருநாள் மருந்தறைத் தொலைபேசி அடித்தது. மனைவியை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள் என்று மச்சினி சொன்னாள். மூடியார் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனார். வாரக்கணக்கில் வரவில்லை. மனைவியும் வீடு திரும்பவில்லை.

எல்லாம் முடிந்த மறுநாளே சட்டை இஸ்திரி போட்டு வேலைக்குக் கிளம்பியவரை மச்சினி வாசலில் மறித்தாள்.

“அத்தான், ஒரு சொட்டுக் கண்ணீர்கூடவா வரல உங்களுக்கு?”

அவர் யோசித்துப் பார்த்தார். “வரலம்மா” என்றார். பஸ் வந்துவிட்டது.

வேலையிடத்தில் துக்கம் கேட்க வந்தவர்களிடம் அலமாரிச் சாவி வேண்டுமா என்று கேட்டார். சோற்றில் உப்பில்லாததை இரண்டு நாள் கழித்துப் பக்கத்து மேசைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். தெரிந்தபிறகும் அப்படியேதான் சாப்பிட்டார்.

இந்தச் சமயத்தில்தான் ஊர்த் தண்ணீர் முழுவதும் ஒரேயடியாகக் கடினமாகிப் போனது. கிணறு, குழாய், லாரி என்று எதில் பிடித்து வந்தாலும் கடினத்தன்மை எகிறியது. கடைசியில், அளவு முன்கூட்டியே தெரிந்த சோதனைத் தண்ணீரும் எகிறியபோதுதான் கோளாறு தண்ணீரில் இல்லை என்ற மாபெரும் உண்மை கூடத்து அதிகாரிக்கு எட்டியது. மக்னீசியாவை எடை போட்டு, அமிலத்தில் கரைத்துச் செய்யும் அளவுகோல் கரைசல்தான் நீர்த்திருந்தது. அளவுகோல் சுருங்கினால் அளப்பதெல்லாம் பெரிதாகத்தானே தெரியும். பழி போட ஆள் தேடவேண்டிய சிரமம் அவருக்கு இருக்கவில்லை. தராசுக்கு அப்போதுதான் தற்காலிகமாக ஒரு பெண் சேர்ந்திருந்தாள். அவள் வந்தது மூடியார் விடுப்பிலிருந்தபோது.

அதிகாரி மூடியாரைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“ஜாடி சரியாத்தானே இருக்கு? நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அந்தப் பொண்ண நாளைலேருந்து வரவேணாம்னு சொல்லிடலாம்.”

“என் ஜாடியா? பேச்சுக்கே இடமில்ல சார்.”

வெளியே அந்தப் பெண் நின்றிருந்தாள். “அண்ணே, தராசுல நான் தப்புப் பண்ணல. இந்த வேலைய விட்டா எனக்கு வேற வழியில்லண்ணே. அந்தப் பொடிய ஒரு தடவை சுட்டுப் பாருங்களேன்.”

“பார்த்துட்டாப் போச்சு” என்றார் மூடியார், தன் ஜாடியின் மானத்தைக் காக்கும் பெருமிதத்துடன். மூசையில் பொடியைப் போட்டு எடை பார்த்து, உலையில் சிவக்கச் சுட்டு, ஈரம் அண்டாத கண்ணாடிக் கூண்டில் ஆறவைத்து, மறுபடி எடை போட்டார். பொடி இளைத்திருந்தது. நம்ப முடியாமல் இன்னொரு மூசையில் சுட்டார். அதுவும் அதே அளவு இளைத்தது. ஒரு மழைக்காலத்தையே குடித்துவிட்டு உட்கார்ந்திருந்த பொடி அது.

மூடியார் அலமாரி முன்னால் நின்றார். தொலைபேசி அடித்தபோது கையில் என்ன இருந்தது? திரும்பி வந்த அன்று, ஜாடிக்குப் பக்கத்தில் மூடி மல்லாந்து கிடந்ததா? கை தன்பாட்டுக்கு அதை எடுத்துத் திருகியிருக்க வேண்டும். அவருக்குத்தான் எதுவும் ஞாபகமில்லை.

இரண்டு மூசைகளையும் கொண்டுபோய் அதிகாரியின் மேசைமேல் வைத்தார். அந்தப் பெண்ணும் பின்னால் வந்து கதவோரம் நின்றாள்.

“ஜாடி திறந்து கிடந்திருக்கு சார். ரொம்ப நாள்.”

“பார்த்தீங்களா! இவ திறந்து வெச்சிட்டு...”

“இவங்க வந்தப்ப ரூம் பூட்டியிருந்துச்சு.” இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மூசைகளுக்குப் பக்கத்தில் வைத்தார். “சாவி ஒண்ணுதான். என்கிட்டதான் இருந்துச்சு.”

அதிகாரி சாவியையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “எப்ப நடந்துச்சு இது?”

“போன் வந்தப்ப.”

மூடியார் தலையாட்டிவிட்டு நடந்தார். மருந்தறைக்குப் போகவில்லை, வாசல் பக்கமாகப் போனார். மேசைமேல் சாவி அப்படியே கிடந்தது. தாழ்வாரக் கோடியில் மருந்தறைக் கதவு அகலத் திறந்திருந்தது.