கூரையில் கட்டிய திரை

சென்ற செவ்வாய்க்கிழமை காலை மில்லில் எரிந்துபோன ஒரு மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். டைம் ஆபீசிலிருந்து ஆள் வந்தார். "அண்ணா, லேப் மரகதம் அக்கா பஸ் ஸ்டாப்புல மயங்கி உளுந்துட்டாங்களாமுங்க" என்றார். மயக்கம்தானே, சாப்பிடாமல் கிளம்பியிருப்பார் என்று நினைத்தபடி ஸ்கூட்டரை எடுத்தேன். அவிநாசி ஆஸ்பத்திரி வாசலில் அவருடைய பக்கத்து வீட்டு அம்மாள் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் அவர் அழவில்லை. "போயிட்டாங்க தம்பி. நெஞ்சு வலியாமா" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரு ஊட்டுல தனியாக் கெடக்கறாருங்க. இன்னும் ஆரும் சொல்லல" என்றார்.

மரகதம் அவர்களை அறியாதவர்களுக்காக முதலில் சில வார்த்தைகள். எங்கள் நூற்பாலையின் தரப் பரிசோதனைக் கூடத்தில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவர். நான் எலக்ட்ரிக்கல் பிரிவு. அவர் என்னை அண்ணா என்பார். நான் அவரை அம்மணி என்பேன். ஒருமுறை வலுவில்லாத நூலை எப்படியாவது பாஸ் செய்து அனுப்பச் சொல்லி மேலாளர் அவர் மேசைக்கே வந்து நின்றார். மரகதம் எழுந்து நின்று, குரலை உயர்த்தாமல், "நூலு நம்ம பேச்சக் கேக்காதுங்க சார். அதுபாட்டுக்கு அறுந்துபோடும்" என்றார். அந்த நூலை ஏற்றிய லாரி அன்று கிளம்பவில்லை.

அவருடைய கணவர் வேலுச்சாமி லாரி ஓட்டியவர். தாராபுரத்துக்காரர். ஆறு வருடங்களுக்கு முன்பு, லோடின் மேல் ஏறித் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தபோது கயிறு அறுந்து கீழே விழுந்தார். கழுத்தெலும்பு முறிந்தது. உயிர் தப்பியது, தோளுக்குக் கீழே எதுவும் அசையவில்லை. மல்லாந்து படுத்தபடி, கழுத்தை நெடுநேரம் திருப்பி வைக்கவும் முடியாமல், அவிநாசி வீட்டின் ஓடுகளையே பார்த்துக்கொண்டு கிடந்தார். தலைமாட்டில் டிவியை எந்தப் பக்கம் வைத்தாலும் பத்து நிமிடத்தில் கழுத்து வலி தாங்க முடியாமல் கண்ணை மூடிக்கொள்வார்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு நாள் மரகதம் என் ஒர்க்ஷாப்புக்கு வந்தார். "அண்ணா, படத்தச் செவுத்துல காட்டற மெஷினு இருக்குதல்லங்க, அதக் கூரையில காட்ட முடியுமா?" என்று கேட்டார். எனக்கு முதலில் புரியவில்லை. "மாமா நேத்து எங்கிட்ட ஒண்ணு சொன்னாருங்க. மொத்தம் எத்தன ஓடு, எதுல விரிசல், எல்லாம் மனப்பாடமாயிப்போச்சு அம்மணின்னாரு" என்றார்.

அன்றிலிருந்து நாலு மாதம் தேடினோம். வாரம் ஒரு மத்தியானம் அவர் லீவு போடுவார். நானும் கூடப் போவேன். காந்திபுரத்தில் மூடப்போகிற ஒரு வீடியோ பார்லரில், மூன்று கண் வைத்த பெரிய புரொஜெக்டர் ஒன்று மலிவாகக் கிடைத்தது. அதைத் தூக்க நாலு பேர் வேண்டும். சற்றே நகர்ந்தாலும் சிவப்பும் பச்சையும் நீலமும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். "ஒவ்வொரு தடவையும் உங்களக் கூப்பிட முடியுங்ளாண்ணா?" என்று அதை விட்டுவிட்டார். பழைய சினிமா புரொஜெக்டரைக் காட்டினார்கள். அதன் சத்தத்தைக் கேட்டதும், "தலமாட்டுல இது ஓடுனா மனுசன் எங்க எந்திரிச்சு ஓடுவாருங்க?" என்று கடைக்காரரைக் கேட்டார். டிவிக்கு முன்னால் லென்ஸ் வைத்த பெட்டி ஒன்றுதான் எல்லாவற்றிலும் மலிவு. அதில் படம் மங்கலாக, பாதி இருட்டாக விழுந்தது. அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர் கடைப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

கடைசியில், பயிற்சிக் கூடத்தை மூடிவிட்ட ஒரு கம்பெனியின் எல்சிடி புரொஜெக்டர் செகண்ட்ஹேண்டாக விலைக்கு வந்தது. கையில் தூக்கிப் போகலாம். ஆனால் அதன் விளக்கு குறிப்பிட்ட நேரம்தான் எரியும். புது விளக்கு வாங்குவது நம்மால் ஆகிற காரியம் இல்லை. "கொஞ்சந்தான் ஓடியிருக்குதுங்க மேடம்" என்றார் விற்பவர். மரகதம் விடவில்லை. மெஷினின் மெனுவுக்குள்ளேயே எரிந்த மணிக்கணக்கு இருக்கும் என்று எங்கோ படித்துத் தெரிந்து வைத்திருந்தார். தன் எதிரிலேயே திறந்து காட்டச் சொன்னார். பாதிக்கு மேல் எரிந்திருந்தது. விற்பவர் தலையைச் சொறிந்தார். "பரவால்லீங்க. மீதிய நாங்க பொத்திப் பொத்திப் பாத்துக்கறோம். வெலயக் கொறச்சுப் போடுங்க" என்றார் மரகதம். தன் வளையல்களை விற்று அதை வாங்கினார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

திரை விஷயத்தில் அவர் யாரையும் கேட்கவில்லை. துணி அவர் ஆண்ட ராஜ்யம். கடையில் விற்கிற திரை நம் சக்திக்கு மீறியது என்று தெரிந்ததும், திருப்பூர் வரை போய்த் துண்டு துண்டாகத் துணி கொண்டுவந்து, லேபிலேயே டார்ச் அடித்துப் பார்த்தார். பாப்ளின் வெளிச்சத்தைப் பின்னால் விட்டுவிட்டது. வெள்ளை ரெக்சின் நடுவில் மட்டும் பளீரென்று மின்னியது. "நேரா மூஞ்சில அடிக்கும். அவரால திரும்பிக்கக்கூட முடியாது" என்று அதைத் தள்ளினார். முடிவில் கெட்டியான டிரில் துணியை இரண்டு மடிப்பாகத் தைத்து, மரச் சட்டத்தில் இழுத்து ஆணியடித்து, மேலே பளபளப்பில்லாத வெள்ளை பெயின்ட் ஒரு கை அடித்தார். ஓடுகளுக்குக் கீழே அதைத் தொங்கவிட்டோம். அது கட்டிலின் மேல் விழுந்துவிட்டால் என்ன ஆகும் என்று பயந்து, தான் முதலில் அதன் கீழே ஒரு மணி நேரம் படுத்துப் பார்த்த பிறகுதான் கணவரின் கட்டிலை அங்கே நகர்த்தவிட்டார்.

படத்தை மேலே திருப்ப ஒரு கண்ணாடி வேண்டியிருந்தது. சாதாரணக் கண்ணாடியில் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. காயலான் கடையில் கிடந்த ஒரு ஜெராக்ஸ் மெஷினுக்குள்ளிருந்து முன்பக்கமே ரசம் பூசிய கண்ணாடியை எடுத்து நான் பொருத்தினேன்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஜன்னல்களில் ஜமுக்காளத்தைக் கட்டி வெளிச்சத்தை அடைத்தோம். சினிமாதான் போடுவார் என்று நினைத்திருந்தேன். மரகதம் கைப்பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்தார். கல்யாண வீடியோ எடுப்பவரிடம் கேமராவை இரவல் வாங்கி, பஸ்ஸின் முன்சீட்டில் உட்கார்ந்து, தாராபுரம் வரை சாலையை எடுத்து வந்திருந்தார். மேலே திரையில் சாலை விரிந்தது. புளியமரங்கள் வந்தன. வேலுச்சாமி மூச்சு விடாமல் பார்த்தார். திடீரென்று, "ஏனுங்ண்ணா! வண்டியெல்லாம் ரைட்டுல போகுது! எந்த நாட்டு ரோடு இது?" என்று கத்தினார். கண்ணாடி இடவலத்தை மாற்றிவிட்டிருந்தது. எனக்கே தோன்றாததை ஒரு டிரைவர் கண்டுபிடித்தார். மெனுவில் தேடிப் படத்தைத் திருப்பினேன். வண்டிகள் இடப்பக்கம் வந்தன. மரகதம் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு அம்மாளே எட்டிப் பார்த்தார். அமராவதிப் பாலம் வந்தபோது, "மெதுவாப் போகச் சொல்லு அம்மணி" என்றார் வேலுச்சாமி. மரகதம் முந்தானையால் அவர் கண்களைத் துடைத்துவிட்டபடி இருந்தார்.

அதற்குப் பிறகு ஞாயிறு தோறும், மில்லுக்கு வரும் நாட்களைப் போலவே பக்கத்து வீட்டு அம்மாளைக் கணவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவர் கேமராவோடு ஏதாவது ஒரு பஸ்ஸில் போய் வருவார். உடுமலை தென்னந்தோப்பு, அணைக்கட்டு, தேர் நாள் கூட்டம். கணவர் பார்த்தாக வேண்டியதை எல்லாம் எடுத்து வந்தார்.

இந்த மூன்று மாதமாக இடது தோள் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். "அவரப் பொரட்டிப் போடறனல்லங்க, அதுதான்" என்பார். டாக்டரிடம் போங்கள் என்று நான் இரண்டு முறை சொன்னேன். "அந்தம்மாவ இன்னும் எத்தனதானுங்க கேக்கறது? அவருகிட்ட ஆரு இருப்பாங்க?" என்று கேட்டார். நான் இருக்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அரை நாள் ஆகியிருக்கும், அவ்வளவுதான். அந்த அரை நாளை நான் கொடுக்கவில்லை.

வேலுச்சாமியிடம் செய்தியைச் சொல்ல நான்தான் உள்ளே போனேன். என் காலடிச் சத்தம் அவருக்குத் தெரியும். "ஏனுங்ண்ணா, இந்நேரத்துல? மில்லு லீவுங்ளா?" என்றார். நான் கட்டிலின் மேல் குனிந்து அவர் முகத்துக்கு நேராக என் முகத்தைக் காட்டினேன். சொல்லத் தேவைப்படவில்லை. "எங்கீங்க உளுந்தா?" என்று மட்டும் கேட்டார்.

மத்தியானம் மரகதத்தைக் கொண்டுவந்து வாசலில் கிடத்தினார்கள். வேலுச்சாமியின் கட்டிலை நாங்கள் ஆறு பேர் தூக்கி வெளியே கொண்டுபோய் அருகில் வைத்தோம். யாரோ அவர் கையை எடுத்து மரகதத்தின் நெற்றியில் வைத்தார்கள். "கையில எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க" என்றார் அவர். "கன்னத்துலதானுங்க தெரியும்."

அவரை அப்படியே தாங்கிச் சாய்த்து, கன்னத்தோடு கன்னம் படும்படி வைத்தோம். வெகுநேரம் அப்படியே இருந்தார். கழுத்து எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் கண்ணீர் வழிந்து மரகதத்தின் முகத்தில் இறங்கியது. ஒரு அம்மாள் துணியோடு குனிந்தார்.

"தொடைக்காதீங்க" என்றார் வேலுச்சாமி. "இருக்கட்டுமுங்க. அதோடயே போகட்டும்."

அப்படியேதான் உங்களை அனுப்பிவைத்தோம், அம்மணி. போய் வாருங்கள்.