ஸ்டீபன் அங்கிளின் ஐஸ் இல்லாத பெட்டி

ஸ்டீபன் அங்கிள் இறந்துவிட்டார். முந்தாநாள் காலை, கொட்டாஞ்சேனையில் அவருடைய வீட்டில்... ஹார்ட் அட்டாக் என்கிறார்கள்.

நடந்ததை நடந்தபடியே இந்தப் போஸ்டில் எழுதப்போகிறேன். எனக்கு நல்ல பெயர் வரும்படி எதையும் மாற்ற மாட்டேன்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. வெள்ளவத்தையில் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் அட்டெண்டன்ட். இரத்த வங்கிக்குப் போய் நோயாளிகளுக்கு இரத்தம் எடுத்து வருவது அவருடைய வேலை.

போன வருஷம் அப்பாவுக்கு டெங்கு வந்து அங்கேதான் படுத்திருந்தார். ஐந்தாம் நாள் மூக்காலும் பல் முரசாலும் இரத்தம் வடியத் தொடங்கியது. பிளேட்லட் உடனே ஏற்ற வேண்டும், சிவப்பணுவான செங்குழியமும் ஒரு பை தேவை என்றார் டொக்டர்.

ஸ்டீபன் அங்கிளோடு நானும் போனேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. இரத்த வங்கியைப் பார்க்க எனக்கு ஆசை... அப்பா அந்த நிலையில் கிடந்தபோதும்.

ஸ்கூல் யூனிபோர்மோடு, கையில் நோட்புக்கோடு த்ரீவீலில் ஏறினேன். "என்ன மகள், சிஐடியா?" என்று கேட்டார்.

அவரிடம் குளிர் தாங்கும் இரண்டு ரிஜிபோம் பெட்டிகள் இருந்தன. ஒன்றில் ஐஸ் பாக்கெட்டுகள். மற்றதில் மடித்த குளியல் துவாய் மட்டும்.

இரத்த வங்கியில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மெஷின் பிளேட்லட் பைகளை விடாமல் ஆட்டிக்கொண்டிருந்தது. ஏன் என்று கேட்டேன். "இதுங்கள நித்திரையாக விடக்கூடாது மகள். நித்திரையானா கட்டிபட்டுடும்."

பையில் இருந்த பெயரையும் குரூப்பையும் நம்பரையும் என்னை உரக்க வாசிக்கச் சொல்லி, டொக்டர் எழுதித் தந்த போர்மோடு ஒத்துப்பார்த்தார். பிறகு பிளேட்லட் பையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மெல்லச் சாய்த்தார். இளமஞ்சள் நீருக்குள் புகை சுழல்வது போல ஏதோ சுழன்றது. "இப்பிடிச் சுத்தினா நல்ல சாமான்."

செங்குழியப் பை ஐஸ் பெட்டிக்குள் போனது. பிளேட்லட் பை துவாய்ப் பெட்டிக்குள்.

மழை தொடங்கியிருந்தது. இரண்டு பெட்டிகளையும் என்னிடம் தந்துவிட்டு, த்ரீவீலைக் கூட்டி வர கேற்றுக்குப் போனார். போகும்போது திரும்பிச் சொன்னார், "மஞ்சள் பைய ஐஸுக்குள்ள வச்சிடாதீங்க. அது குளிருக்கு ஆகாது."

நான் ஓம் என்றேன்.

ஆனால் இரத்தத்தைக் குளிரில் வைக்க வேண்டும் என்று நான் வாசித்திருந்தேன். அவர் பெட்டி தூக்குகிறவர், அவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். இந்த வசனத்தை எழுதத்தான் எனக்கு இவ்வளவு நேரம் எடுத்தது.

மஞ்சள் பையை எடுத்து ஐஸ் பாக்கெட்டுகளுக்கு நடுவில் வைத்தேன். இரண்டு மூடிகளையும் போட்டேன். அப்பாவைக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்தேன்.

திரும்பும் வழியில், காலி நகரத்துக்குப் போகும் காலி ரோட்டில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ட்ராபிக். ஐஸ் பெட்டியைக் காலடியில் வைத்துவிட்டு, துவாய்ப் பெட்டியை மடியில் வைத்து மெல்ல மெல்ல ஆட்டிக்கொண்டே வந்தார். அது வெறும் பெட்டி. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வார்டில் சிஸ்டர் துவாய்ப் பெட்டியைத் திறந்தார். துவாய் மட்டும்தான். பிறகு ஐஸ் பெட்டியைத் திறந்தார்.

பையைத் தொட்டதும் முகம் மாறியது. ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்துச் சாய்த்தார்... ஒன்றும் சுழலவில்லை. குளிரில் வைத்த பிளேட்லட் உடம்புக்குள் போனாலும் நிற்காது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

யார் இதை ஐஸில் வைத்தது என்று கேட்டார். ஸ்டீபன் அங்கிள் என்னை ஒரு முறை பார்த்தார்.

"என்ட பிழை சிஸ்டர். அவசரத்தில மாறி வச்சிட்டேன்."

சிஸ்டர் எல்லாருக்கும் முன்னால் சிங்களத்தில் அவரை ஏசினார். இருபது வருஷமாக இந்த வேலை செய்கிறாயே, ஒரு உயிரோடு விளையாடுகிறாயா என்று. நான் நோட்புக்கை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்தக் குரூப்பில் அடுத்த பை பின்னேரம்தான் வரும் என்றார்கள். அதுவரை அம்மா பஞ்சால் அப்பாவின் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஸ்டீபன் அங்கிள் சாப்பிடாமல் இரத்த வங்கி வாசலிலேயே காத்திருந்து அதைக் கொண்டுவந்தார்.

அப்பா பிழைத்தார்.

வீட்டுக்கு வரும் நாள் ஸ்டீபன் அங்கிளைத் தேடினேன். அவரை அந்த வேலையிலிருந்து எடுத்து, துணி தோய்க்கும் இடத்தில் போட்டிருந்தார்கள். பக்கத்தில் போய் "அங்கிள்..." என்றேன்.

"சோதனையில இந்தக் கேள்வி வந்தா சரியா எழுதுவீங்கதானே?" என்று கேட்டுச் சிரித்தார். கை முழுக்கச் சோப்பு நுரை.

பிறகு ஒருநாள் வகுப்பில், பிளேட்லட்டை அறை வெப்பநிலையில் ஆட்டிக்கொண்டே வைக்க வேண்டும் என்று சொன்னேன். மிஸ் எங்கே படித்தாய் என்று கேட்டார். "புத்தகத்தில வாசிச்சனான் மிஸ்" என்றேன்.

இன்று அப்பாவோடு கொட்டாஞ்சேனை மலர்ச்சாலைக்கு, அங்கிளின் உடலைப் பார்க்க வந்தேன். ஸ்டீபன் அங்கிளின் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதானா அந்த நோட்புக் பிள்ளை? கெட்டிக்காரின்னு அப்பா சொல்லுவார்" என்றார். அப்போதும் நான் தலையைத்தான் ஆட்டினேன்.

கடைசி வரைக்கும் அவருக்கு அந்த வேலையைத் திருப்பிக் கொடுக்கவில்லையாம்.

சிஸ்டர், அந்தப் பையை ஐஸில் வைத்தது நான். அவர் வைக்க வேண்டாம் என்று சொல்லியும் வைத்தேன். இதைத் தயவுசெய்து ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் காட்டுங்கள்.

அப்பா, உங்களுக்கும் இது தெரியாது. இவ்வளவு நேரமும் பக்கத்தில் இருந்தும் சொல்ல முடியவில்லை. அவரைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களோடு நீங்களும் அடக்கத்துக்குச் சேமக்காலைக்குப் போயிருக்கிறீர்கள். திரும்பி வரும்போது போனில் இதை வாசிப்பீர்கள்.

மன்னிச்சுக்கொள்ளுங்கோ அங்கிள். நிம்மதியாப் படுங்கோ.

நான் இன்னும் மலர்ச்சாலைக் கதிரையில்தான் இருக்கிறேன். எல்லாரும் போய்விட்டார்கள், விளக்குகளையும் அணைத்துவிட்டார்கள்.