கருவண்டு வராத நான்கு மதியங்கள்

எங்கள் விறகுப்புரையின் அயனி மர உத்தரத்தில் ஏழு ஓட்டைகள் இருந்தன. கருவண்டு துளைத்த ஓட்டைகள். அளவெடுத்துத் துளையிட்டதுபோல ஏழும் நல்ல வட்டம். கீழே அடுக்கியிருந்த விறகின்மேல் எப்போதும் மஞ்சளாக மரத்தூள் உதிர்ந்து கிடக்கும். அப்பாவுக்கு அதைப் பார்த்தாலே ஆகாது. வீட்டைத் தின்கிற சனியன்கள் என்பார். ஆனால் அந்தச் சனியன்களுக்காகத்தான் அம்மாவின் தங்கை பெங்களூரிலிருந்து கிளம்பி வந்து, ஒரு கோடை விடுமுறை முழுக்க எங்களோடு தங்கினாள். எனக்கு அப்போது எட்டு வயது.

சித்தி டாக்டர் பட்டத்துக்குப் பூவையும் வண்டையும் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தாள். கிணற்றங்கரைப் பந்தலில் எங்கள் பேஷன் ஃபுரூட் கொடி படர்ந்து கிடந்தது. குலசேகரம் பக்கத்தில் பல வீடுகளில் இந்தக் கொடி உண்டு. ஆனால் காய்ப்பதற்குக் கருவண்டும் பக்கத்திலேயே குடியிருக்க வேண்டும் என்பது சித்தி வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அந்தப் பூவின் நடுவில் மேலே மூன்று தண்டுகள் நிற்கும். அம்மாவுக்கு அவை ஆண்டவரை அறைந்த மூன்று ஆணிகள். சுற்றியிருக்கும் நாரெல்லாம் முள்முடி. சித்திக்கு அந்த மூன்றும் மகரந்தம் வாங்கிக்கொள்கிற தண்டுகள். இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொள்ளாமல் ஒரே பூவைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பூ விரிவது மதியத்தில்தான். கஞ்சியும் பயறும் சாப்பிட்டுவிட்டு நானும் சித்தியும் பந்தலுக்கடியில் பாய் விரித்து மல்லாந்து படுப்போம். ஊரே உறங்கும் நேரம். ரப்பர் தோட்டத்துக்குள் இருந்து காற்று மெல்ல வரும், வராமலும் போகும். இலைகளுக்கு நடுவே வெயில் காசுகாசாக என் பாவாடையில் விழும். மொட்டு ஒன்று இதோ விரியப்போகிறது என்று கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பேன். எப்படியோ ஒருமுறை இமைத்துவிடுவேன். திரும்பப் பார்த்தால் பூ விரிந்திருக்கும். அப்புறம் அந்த மூன்று தண்டுகளும் கொஞ்சம் கொஞ்சமாக, நமக்கே தெரியாமல், கீழே வளையும்.

அந்த நேரத்துக்குச் சரியாக விறகுப்புரையிலிருந்து முரலும் சத்தம் கிளம்பும். நீலமும் கறுப்புமாக வண்டுகள் வந்து இறங்கும். அவற்றின் முதுகில் சித்தி அடையாளத்துக்காக நகப்பாலிஷால் பொட்டு வைத்திருந்தாள். அந்தப் பாலிஷை என் விரலுக்குக் கேட்டபோது தராமல் வண்டுக்கு வைத்தாளே என்று எனக்கு ஆற்றாமைதான். வண்டுகள் முதுகெல்லாம் மகரந்தம் அப்பிக்கொண்டு ஒவ்வொரு பூவாகப் போகும். தேனீ சின்னது, அதன் முதுகுக்குத் தண்டு எட்டாது என்றாள் சித்தி.

"வண்டு முதுகு எட்டுத உயரத்துக்குப் பூ குனிஞ்சு குடுக்கும் மக்கா. கொஞ்ச நேரம் பாக்கும். யாரும் வரலேன்னா நிமிந்துரும். பொறவு காய் இல்ல."

அவ்வளவு பாசமா என்று கேட்டேன். பாசமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, வண்டுக்குத் தேன் வேண்டும், பூவுக்குக் காய் வேண்டும், ஆனால் ஒன்றில்லாவிட்டால் மற்றதும் இல்லை என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

மே மாதம் பாதி போனபோது, அடுக்களையில் சித்தி அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. இன்னும் கொஞ்சம் காய் பிடித்துவிட்டால் வேலை முடிந்ததாம், பெங்களூருக்குக் கிளம்பிவிடலாமாம். அன்று முழுக்க யோசித்தேன். வண்டு வராவிட்டால் காய் இல்லை. காய் இல்லாவிட்டால் வேலை முடியாது. வேலை முடியாவிட்டால் சித்தி போகமாட்டாள். எனக்கும் சேர்த்து ஒரு டாக்டர் பட்டம் தந்திருக்கலாம்.

ரப்பர் மரத்தில் வெட்டிய கோட்டிலும் பால் பிடிக்கிற சிரட்டையிலும் பால் உறைந்து ஒட்டிக் கிடக்கும். ஒட்டுபால் என்போம். அதை உரித்துச் சுருட்டிப் பந்து செய்து விளையாடாத பிள்ளை எங்கள் ஊரில் கிடையாது. வண்டுகள் அடைகிற அந்தி நேரத்தில் விறகின்மேல் ஏறி நின்று, ஏழு ஓட்டைகளிலும் ஒட்டுபாலைத் திணித்தேன். கட்டைவிரலால் நன்றாக அமுக்கியும் விட்டேன். கறுத்த ஒட்டுபால், கீழிருந்து பார்த்தால் ஓட்டைபோலவே தெரிந்தது.

மறுநாள் மதியம் பூக்கள் வழக்கம்போல விரிந்தன. தண்டுகள் குனிந்தன. முரலும் சத்தம் மட்டும் வரவில்லை. மதியம் அவ்வளவு அமைதியானது என்று அதற்குமுன் எனக்குத் தெரியாது. சித்தி நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு விறகுப்புரைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் தண்டுகள் நிமிர்ந்தன. பூக்கள் சுருண்டு, இரண்டொரு நாளில் மஞ்சளாகி உதிர்ந்தன. இப்படி நான்கு மதியங்கள். சித்தி சோற்றில் கைவைத்துவிட்டுச் சும்மா இருந்தாள். பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் போகமாட்டாளே என்று உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

நான்காம் நாள் சாயங்காலம் சித்தி பெட்டியை எடுத்துத் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள். வண்டு இல்லாத இடத்தில் இருந்து என்ன செய்ய, பேச்சிப்பாறைப் பக்கம் ஒரு தோட்டம் இருக்கிறது, நாளைக்கே போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னாள். சித்தியை எங்கள் வீட்டில் இருத்தி வைத்திருந்தது நானல்ல, அந்த ஏழு ஓட்டைகள்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஒடிந்த குடைக்கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடி விறகின்மேல் ஏறினேன். அழுதுகொண்டே ஒவ்வொரு ஓட்டையின் ஒட்டுபாலையும் குத்தி இழுத்தேன். முதல் மூன்றில் எதுவும் வரவில்லை. நான்காவதிலிருந்து பச்சைப் பொட்டு வைத்த வண்டு ஒன்று மெதுவாக நடந்து வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டது. பிறகு கோணல்மாணலாகப் பறந்து போனது. திரும்பினால் பின்னால் சித்தி நின்றாள்.

"எதுக்கு மக்கா?"

"காய் காய்ச்சா நீங்க போயிருவியல்லா."

சித்தி என்னைத் தூக்கிக் கீழே விட்டாள். மீதி ஓட்டைகளை அவளே திறந்தாள். பிறகு என்றைக்கு அடைத்தேன், எத்தனை மணி இருக்கும், எல்லாவற்றையும் அடைத்தேனா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நோட்டில் எழுதினாள். எழுத எழுத முகம் மலர்ந்துகொண்டே வந்தது. வண்டு வந்தால் காய் என்று காட்ட அவளிடம் நிறைய இருந்தது. வண்டு வராவிட்டால் காயும் இல்லை என்று காட்ட, பூ இருந்தும் வண்டே வராத நாட்கள்தான் அவளிடம் இல்லை. அதை நான் சும்மா தூக்கிக் கொடுத்திருக்கிறேன். அம்மா ஈர்க்குச்சியோடு வந்தாள். சித்தி அடிக்கவிடவில்லை. அந்த அடி விழுந்திருந்தால்கூட, சித்தியின் அந்தச் சந்தோஷத்தைப் பார்த்தபோது வலித்த அளவுக்கு வலித்திருக்காது.

செத்தவை போக மிஞ்சிய வண்டுகள் திரும்ப வந்தன. காய் பிடித்தது. பெட்டி மறுபடி கட்டிலுக்கடியில் போனது. ஆனால் ஒரு வாரம்தான். நான் செய்த காரியத்தால் சித்தியின் வேலை சொன்னதைவிடச் சீக்கிரமே முடிந்துவிட்டது.

வடசேரி பஸ் ஸ்டாண்டில் பெங்களூர் பஸ் கிளம்ப நின்றது. சித்தி பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, என் முகத்துக்கு நேராகத் தன் கன்னம் வரும்வரை குனிந்தாள். அப்படியே கொஞ்ச நேரம் இருந்தாள். நான் பஸ் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். டிரைவர் ஹாரன் அடித்தார். சித்தி நிமிர்ந்து, பெட்டியை எடுத்துக்கொண்டு ஏறிப் போனாள்.

ஒரு கோடை முழுக்கப் பாயில் படுத்துக்கொண்டு, பூ குனிவதையும் காத்திருப்பதையும் நிமிர்வதையும் பார்த்தவள் நான். அன்றைக்குச் சித்தி என் முன்னால் குனிந்து நின்றது எதற்கென்று எனக்குத் தெரியவில்லை.