பரணில் இருந்த மெக்கானிக்

தையல்கார அக்காவின் முன்னாள் கணவன், மகளுக்கான ஜீவனாம்சத்தைக் கோர்ட் சொல்லியும் கட்டவில்லை. வாரன்ட்டோடு கோர்ட் அமீனா அவனுடைய மெக்கானிக் ஒர்க்‌ஷாப்புக்குப் போனால், ஆள் வெளியூர் என்றே பதில் வரும்.

"இன்னைக்கு நானும் வர்றேன் சார். அவரோட குணம் எனக்குத் தெரியும்" என்றாள் அக்கா.

ஒர்க்‌ஷாப் வாசலில் அமீனாவின் ஸ்கூட்டரைச் சோக் இழுக்காமல் உதைத்தாள். விடாமல் உதைத்தாள்.

"சோக்கை இழுங்க, வண்டியைக் கொல்லாதீங்க!" என்று பரணிலிருந்து குரல் வந்தது. பின்னாலேயே மெக்கானிக்கும் இறங்கி வந்தான். பிளக்கைத் துடைத்து மாட்டி, ஒரே உதையில் வண்டியைக் கிளப்பிவிட்டுத்தான் நிமிர்ந்தான். எதிரே வாரன்ட்.

அசடு வழியக் கல்லாவைத் திறந்தான். "இப்போ பாதிதான் சார் இருக்கு."

"சரி, ரிப்பேருக்கு எவ்வளவு?" என்று அமீனா பர்ஸை எடுத்தார்.

அக்கா கையை நீட்டினாள். "என்கிட்ட குடுங்க சார், பாக்கியில கழிச்சுக்கறேன்."