இரண்டு எரிச்சல்

சிறுவர் பக்கம் தயாரிப்பவருக்குப் பிள்ளைகளின் கேள்விகள் பாரமே இல்லை. அம்மாமாரின் கேள்விகள் வந்தால்தான் தேநீர் ஆறிப்போகும். வீட்டிலும் வகுப்பிலும் பிள்ளைகளுக்கு நடுவர்களாக இருந்து களைத்தவர்களே, உங்களுக்கு இது புதிதாக இராது.

படம் எடுத்த அன்று

எங்கள் பத்திரிகையின் ஓவியப் போட்டியில் வெள்ளவத்தை அபிராமிக்கு முதற்பரிசு. கொட்டாஞ்சேனையிலிருந்து வகுப்புத் தோழி தர்ஷினியும் கூட அலுவலகத்துக்கு வந்திருந்தாள். எங்கள் படப்பிடிப்பாளர் அபிராமியை நிறுத்தி, சிரிக்கச் சொல்லி, தலையைச் சாய்க்கச் சொல்லி, திரும்பத் திரும்ப எடுத்தார். தோழியின் புத்தகப்பையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு நின்ற தர்ஷினி, “எனக்கு எரிச்சலா இருக்குடி” என்றாள்.

அபிராமியின் முகம் சுருங்கியது. அவள் அம்மா யாழ்ப்பாணத்தவர். என் மேசைப்பக்கம் குனிந்து சொன்னார்: “கேட்டனீங்களே மிஸ்? சிநேகிதிக்குப் பரிசு கிடைச்சதில அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு எரிச்சல்!”

கொட்டாஞ்சேனைத் தொலைபேசி

சில நாட்களில் தர்ஷினியின் அம்மா அழைத்தார். அவர் மலையகத்திலிருந்து கொழும்புக்கு வந்தவர். மகளுக்குப் பொறாமை என்று சொல்லி அபிராமி இப்போது அவளோடு கதைப்பதில்லையாம். இடைவேளையில் சாப்பாட்டுப் பெட்டியோடு வேறு வாங்குக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறாளாம். மகள் சாப்பிடாமலே பெட்டியைத் திருப்பிக் கொண்டுவருகிறாளாம். “நின்னு நின்னு கால் கடுத்துச்சுன்னா எரிச்சல் வராதுங்களா மிஸ்? அதுல என்னாங்க பொறாமை இருக்கு?”

சொல் மூலை

அந்த வாரச் ‘சொல் மூலை’யில் இதையே எழுத முடிவுசெய்தேன். ‘எரி’ என்ற ஒரே வேரிலிருந்து கிளைத்த சொல். ஒரு வீட்டில் அது சலிப்பு, சினம். இன்னொரு வீட்டில் அடுத்தவர் நன்மை கண்டு வயிற்றில் மூளும் தீ. ‘பொறாமை’ என்பதோ பொறுக்க முடியாமை. அடுத்தவர் பெற்றது நம் தலையில் சுமையாகிவிடுவது. இவற்றோடு ‘அழுக்காறு’ என்ற பழைய சொல்லையும் சேர்த்து, அதையே தலைப்பாக வைத்தேன்.

பக்கம் வடிவமைக்கும் தம்பி திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அக்கா, இப்பிடித் தலைப்புப் போட்டால் அழுக்கு ஓடுற வெள்ளவத்தை வாய்க்காலைப் பற்றி எழுதியிருக்கிறியள் எண்டுதான் சனம் நினைக்கும்.” தலைப்பை மாற்றினேன்.

எந்த எரிச்சல்?

பக்கம் வெளியான பின், அடுத்த போட்டிக்கு ஓவியம் கொடுக்க இரண்டு பேரும் தத்தம் அம்மாவோடு வந்தார்கள். அம்மாமார் ஒருவரையொருவர் பார்த்து அளவாகச் சிரித்தார்கள். அபிராமி நேராகத் தோழியிடம் போனாள். “அண்டைக்கு உனக்கு வந்தது எந்த எரிச்சல்? மிஸ் எழுதின முதலாவதோ, ரெண்டாவதோ?”

தர்ஷினியின் அம்மா “மொதலாவதுதாம்மா” என்று முந்திக்கொண்டார். தர்ஷினி தலையாட்டவில்லை. கொஞ்சம் யோசித்தாள்.

“மொதல்ல மொத எரிச்சல்தான்டி. நீ தலையச் சாச்சு நின்னப்ப ரெண்டாவதும் கொஞ்சம் வந்துருச்சு.”

நாங்கள் மூன்று பெரியவர்களும் அவர்கள் கொண்டுவந்த ஓவியங்களைப் பார்க்கத் தொடங்கினோம். அபிராமிக்கு மட்டும் முகம் தெளிந்துவிட்டது. “அப்ப சரி. நீ பாடேக்க எனக்கு எப்பவும் ரெண்டாவதுதான் வாறது.”

நான் கவனமாகப் பிரித்துக் கொடுத்த இரண்டு பொருளையும் பிள்ளைகள் ஒன்றாகவே வைத்துக்கொண்டார்கள்; இதற்குத் திருத்தம் போடுவதா வேண்டாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.