கலாதேவி மிஸ்

கலாதேவிக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் பள்ளிக்கூடத்தில் அவள் மிஸ்தான். மற்ற ஆசிரியைகளை டீச்சர் என்று கூப்பிடும் பிள்ளைகள், இங்கிலீஷ் எடுக்கிறாள் என்பதாலேயே அவளை மட்டும் மிஸ் ஆக்கிவிட்டார்கள்.

"மிஸஸ்னு கூப்பிடச் சொல்லித் திருத்துலா" என்பாள் பக்கத்து வகுப்பு டீச்சர் புஷ்பலதா.

"இருந்துட்டுப் போகட்டும்க்கா. முப்பத்தெட்டு வயசுல வேற யாரு என்னைச் சின்னப் பொண்ணுன்னு சொல்லப் போறா?"

சுங்கை சிப்புட் போகிற வழியில், ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டுவிட்ட ஒரு பழைய தோட்டத்து ஓரத்தில் அந்தத் தமிழ்ப்பள்ளி இருந்தது. மொத்தமே நாற்பத்துமூன்று பிள்ளைகள். கலாதேவியும் அப்படியொரு தோட்டத்தில் பிறந்தவள்தான். பத்து வயதில் தோட்டம் கைமாறி, பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்த அம்மாவோடு ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் குடியேறினாள். புதுப் பள்ளியில் முதல் நாள் இங்கிலீஷ் டீச்சர் பரிவோடுதான் கேட்டார்: "பழைய தோட்டத்த மிஸ் பண்றியாம்மா?" அவளுக்குத் தெரிந்த மிஸ் ஒன்றுதான், பஸ்ஸைத் தவறவிடுவது; தோட்டம் மனசுக்குத் தேடுதா என்று கேட்கிறார் என்று புரியவில்லை. "இல்ல டீச்சர், வேன் சரியா வந்துருச்சு" என்றாள். வகுப்பே சிரித்தது. அன்று சாயங்காலம் நூலகத்தில் அகராதியைப் பிரித்து, அந்த ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் என்று விரல் வைத்து எண்ணினாள். சிரித்தவர்கள் மேல் வந்த கோபத்தில் படிக்க ஆரம்பித்தவள், இங்கிலீஷ் டீச்சராகவே ஆகிவிட்டாள்.

வெள்ளிக்கிழமைதோறும் ஒரு சொல்லை எடுத்து, அதன் பொருள்களைப் பிள்ளைகளையே சொல்லச் சொல்வாள். 'மிஸ்' வரும் நாளில் வகுப்பு கலகலக்கும். பஸ்ஸை மிஸ் பண்ணுவது, கோலை மிஸ் பண்ணுவது, மிஸ் கால். "எங்க அக்கா ஆஸ்பத்திரியில மிஸி!" என்று ஒரு பெண் எழுந்து நிற்பாள். தாதியை மிஸி என்பதும் இதிலிருந்து வந்ததுதான் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு ஒரே ஆச்சரியம்.

அந்த வருஷம் மார்ச் மாதம் கலாதேவி உண்டானாள். ஒன்பது வருஷம் கழித்து. கிளினிக்கில், கர்ப்பிணிகளின் செக்கப்பைப் பதியும் பிங்க் புக் கொடுத்தார்கள். அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, கைப்பையிலேயே வைத்துக்கொண்டாள். புஷ்பலதாவைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. காலையில் பள்ளிக் கழிப்பறையில் குமட்டும்போதெல்லாம், வாயைக் கழுவிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொள்வாள்.

பதினோராவது வாரம் ஆஸ்பத்திரியில் ஸ்கேன். கணவன் தீபனுக்குக் கையுறை ஃபேக்டரியில் காலை ஷிப்ட். "ஸ்கேன்தானே, நானே போயிட்டு வாரேன்" என்று கிளம்பினாள்.

டாக்டர் ஒரு மலாய்ப் பெண்மணி. வெகுநேரம் கருவியை வயிற்றில் நகர்த்திக்கொண்டிருந்தார். பிறகு இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார். மிஸ்ட் மிஸ்கேரேஜ்.

கலாதேவியின் காதில் முதல் சொல்தான் விழுந்தது. "நான் எதையும் மிஸ் பண்ணலையே டாக்டர்" என்று எழுந்து உட்கார்ந்து, கைப்பையைத் திறந்து பிங்க் புக்கை நீட்டினாள். "எல்லாத் தேதிக்கும் வந்திருக்கேன். பாருங்க."

டாக்டர் புத்தகத்தை வாங்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டார். குழந்தையின் இதயத் துடிப்பு நின்று இரண்டு வாரம் இருக்கும். உடம்புக்குத்தான் அது இன்னும் தெரியவில்லை. அதனால்தான் குமட்டல் நிற்கவில்லை என்றார்.

இரண்டு வாரத்துக்கு முன்பு பள்ளியில் விளையாட்டுப் போட்டி. வெயிலில் நின்று விசில் ஊதினோமே என்று நினைத்தாள்.

வெளியே வராந்தாவில் உட்கார்ந்து தீபனைக் கூப்பிட்டாள். ஆறு தடவை. ஃபேக்டரியில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்று தெரிந்துதான் கூப்பிட்டாள். அவன் திரும்பக் கூப்பிட்டால் எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடினாள். செத்துப்போச்சு என்று, பிறக்காத ஒன்றைச் சொல்ல வாய் வரவில்லை. கலைஞ்சிருச்சு என்றால் பொய். இன்னும் உள்ளேதானே இருக்கிறது?

சாப்பாட்டு நேரத்தில் போன் அடித்தது. "என்னலா, ஆறு மிஸ் கால் இருக்கு? என்னாச்சு கலா?"

"தவறிப்போச்சுங்க."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல்லுக்குள் இருந்த தவறு அவளைக் குத்தியது. "நான் வெயில்ல நின்னுருக்கக் கூடாதுங்க" என்று அழுதாள். அவன் அந்தப் பக்கம், "நான் கூட வந்துருக்கணும், நான் வந்துருக்கணும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தான். அரை மணியில் ஃபேக்டரி உடுப்போடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். மறுநாள் அவள் கருப்பையைச் சுத்தம் செய்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பிள்ளைகளிடம் மிஸ்ஸுக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருந்தார்கள். புஷ்பலதா கொண்டு வந்த அட்டைகளில் ஒன்றில், 'வீ ஆர் மிஸ் யூ மிஸ்' என்று யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள். திருத்த வேண்டிய வாக்கியம். அதை மடியில் வைத்தபடி சும்மா உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் வாரம் கிளினிக்கிலிருந்து போன் வந்தது.

"கலாதேவி அக்காவா? மிஸி பேசுறேன்க்கா. நேத்து செக்கப் மிஸ் பண்ணிட்டீங்களே. பேபி நல்லா இருக்கா?"

ஆஸ்பத்திரிக் காகிதம் அவர்களுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. "மிஸிங்க, பேபியக் கேக்குறாங்க" என்று கலாதேவி போனை நீட்டினாள். தீபன் போனை வாங்கி, "பேபி இல்ல மிஸி" என்றான். அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டாள். பதிவை முடிக்க வேண்டும், புத்தகத்தை மட்டும் கொண்டுவந்து கொடுங்கள் என்றாள்.

போனார்கள். இளம் மிஸி எழுந்து நின்று வாங்கிக்கொண்டாள். "நான் வச்சுக்கலாமா?" என்று கலாதேவி கேட்டாள். "முடியாதுக்கா" என்று சொல்லும்போது அந்தப் பெண்ணின் கண் கலங்கியது. கலாதேவி பிளாஸ்டிக் உறையை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டாள்.

காரில் ஏறியும் தீபன் வண்டியை எடுக்கவில்லை. இத்தனை நாளும் சமைத்து, துணி துவைத்து, அவளைத் தேற்றிக்கொண்டிருந்தவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சொன்னான்: "எனக்குத் தேடுது கலா. முகத்தக்கூடப் பாக்கல. ஆனா தேடுது."

அவள் அவன் பிடரியில் கை வைத்தாள். இருவரும் அழுது முடிக்கும்வரை யாரும் வந்து கண்ணாடியைத் தட்டவில்லை.

இரண்டு வருஷமாகிறது. வேறு பிள்ளை உண்டாகவில்லை. டாக்டர்கள் காரணம் எதுவும் சொல்லவில்லை. அவள் இப்போதும் அதே பள்ளியில்தான் இருக்கிறாள். எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணி குடிக்கும்போது தீபன், "இன்னைக்கு ரொம்பத் தேடுதுலா" என்பான். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள்.