மூன்றாம் மாடிக் கொலையும் ஒரு மெத்தையும்

ஷார்ஜாவில் நாங்கள் இருக்கும் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் தனியாகக் குடியிருந்த ஒருவரைக் குத்திக் கொன்றுவிட்டார்கள். போலீஸ் வந்து கதவுக்கு முத்திரை வைத்தது. லிஃப்டில் தனியாகப் போகாதே என்று மட்டும் மகளிடம் சொன்னேன்.

பதினோராம் வகுப்புப் படிக்கும் அவள் இங்கேயே பிறந்தவள். ஆங்கிலத் துப்பறியும் நாவல்கள் என்றால் உயிர். அவற்றில் ஏதாவது ஒரு சின்ன இங்கிலாந்து ஊரில் கொலை நடக்கும். அடுத்த வீட்டு அம்மாள் கேக்கோடு வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பாள். கடைசியில் போலீஸ் அவளுக்கு நன்றி சொல்லும். என் மகளும் எதிர்வீட்டு மலையாளிப் பெண்ணும் அந்தத் தைரியத்தில்தான் விசாரணையில் இறங்கினார்கள்.

இரண்டாம் மாடி ஃபிளாட் ஒன்றில், கட்டிலுக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்துப் பல ஆண்கள் தங்கியிருந்தார்கள். கொலைக்கு மறுநாள் காலை அவர்களில் ஒருவர் குப்பைத்தொட்டி அருகே மெத்தையைப் போட்டதை மகள் ஜன்னலிலிருந்து வீடியோ எடுத்தாள். 'இவன்தான் கொலைகாரன்' என்று எழுதி வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள்.

அது சுற்றிச் சுற்றிப் போலீஸுக்கும் அவருக்குமே போய்ச் சேர்ந்தது. மாலையில் எங்கள் கதவைத் தட்டினார். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர்.

"அக்கா, இது உங்க பொண்ணு எடுத்ததுன்னு சொன்னாங்க. மூட்டப்பூச்சிக்கா. மருந்தடிச்சும் போகல, தூக்கிப் போட்டேன். இப்ப ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிட்டாங்க. கம்பெனிக்குத் தெரிஞ்சா விசாவ கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிருவான். நாளைக்குப் பாப்பா வந்து, பாத்தது மெத்த மட்டும்தான்னு ஒரு வார்த்த சொல்லணும்."

இங்கே ஒருவரைக் கேட்காமல் படம் எடுப்பதே வழக்கு. பரப்புவது அதைவிடப் பெரிய வழக்கு. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லப் போனால் இரண்டையும் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

அவர் போனதும் கணவர் கதவைத் தாழிட்டார். "நாமளே போய்த் தலையக் குடுக்கணுமா? டெலீட் பண்ணிட்டு வாய மூடிட்டு இருங்க."

"அப்போ அந்த அங்கிளப் புடிச்சு வெச்சுப்பாங்கப்பா. நான் போறேன்."

"போ. போயி நீயும் உள்ள உக்காரு, டிடெக்டிவ்!"

காலையில் கார்ச் சாவியை எடுத்தேன். கணவர் தடுக்கவில்லை, கூட வரவும் இல்லை.

ஸ்டேஷனில் அதிகாரி வீடியோவைப் பார்த்துவிட்டு மகளிடம் இந்தியில் கேட்டார்.

"ரத்தம் பார்த்தாயா?"

"இல்லை."

"கத்தி?"

"இல்லை."

"பிறகு ஏன் கொலைகாரன் என்று எழுதினாய்?"

பள்ளிக்கூடத்தில் விவாத மேடையை விட்டு இறங்காதவள் என் பின்னால் நகர்ந்து நின்றாள். அவர் அவளுடைய ஃபோனை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. பள்ளிக்கூடம், விசா, விமான நிலையம் என்று என் மனம் ஓடியது. எதிர் நாற்காலியில் அந்தப் புதுக்கோட்டைக்காரர் தரையைப் பார்த்தபடி இருந்தார்.

திரும்பி வந்தவர் வீடியோவை அவள் கையாலேயே அழிக்கச் சொன்னார். என்னிடம் கையெழுத்து வாங்கினார். "இன்னொரு தடவை என்றால் பேச்சே கிடையாது. கலாஸ், முடிந்தது." புதுக்கோட்டைக்காரரையும் போகச் சொல்லிக் கைகாட்டினார்.

வெளியே, காரில் வரும்படி அவரைக் கூப்பிட்டேன்.

"வேணாங்க்கா. பஸ்ல போயிக்கிறேன். டூட்டிக்கு லேட்டாயிருச்சு."

மகளை அவர் பார்க்கவேயில்லை. அவள் என்னோடு காரில் ஏறாமல் பஸ் நிறுத்தம்வரை அவர் பின்னால் போனாள். வெயிலில் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்குமேல் நான் அவர்களைப் பார்க்கவில்லை. இன்ஜினை அணைக்காமல், யாராவது வந்து திரும்பக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று ஸ்டேஷன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.